மலைச்சரிவுக்குச் சப்பாத்து வாங்கப் போகிறீர்களா?

பதுளைப் பக்கம் ஒரே நாளில் ஐந்து விதமான நிலத்தை மிதித்துவிடுகிறோம். விடியற்காலையில் லயத்து வாசலில் பாசி பிடித்த படி. அதைத் தாண்டினால் பனியில் நனைந்த மானாப் புல். பிறகு செம்மண் குறுக்குப் பாதை, ரயில் ரோட்டின் சிலிப்பர் கட்டை, கடைசியாக டவுனில் தார் ரோடு. இத்தனைக்கும் நம்மில் பெரும்பாலானோருக்கு இருப்பது ஒரே ஒரு சோடிச் சப்பாத்து. அந்த ஒரு சோடி எல்லா நிலத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்பதால் அதை நிதானமாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை கூடியது, கனமானது, "பாறையே உடைந்தாலும் உடையாது" என்று விற்கப்படுவது நம் சரிவுக்கு நல்லது என்று நினைத்து நானும் ஏமாந்திருக்கிறேன். காலோடு சேர்ந்து வளைகிற, இலேசான சப்பாத்துத்தான் மலையில் பிழைக்கும் என்பது இத்தனை வருச நடையில் நான் கண்டது.

1. முதலில் கையால் வளைத்துப் பாருங்கள். கடைக்காரர் தந்ததும் காலில் மாட்டிவிட வேண்டாம். ஒரு கையால் குதியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நுனியை மேலே தள்ளுங்கள். விரல்கள் மடிகிற இடத்தில், அதாவது முன்பாதத்தில், சப்பாத்து மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் உள்ளங்காலைத் தாங்க உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஏற்றத்தில் கால் கடுக்கும். எங்கேயுமே மடியாமல் பலகை மாதிரி நின்றால் அதுவும் நம் நடைக்கு ஆகாது. அடுத்து, ஈரத்துணி பிழிவதுபோல இலேசாக முறுக்கிப் பாருங்கள். சற்று முறுகிக் கொடுக்க வேண்டும். சரிவில் குறுக்காக நடக்கும்போது பாதத்தின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும். முறுகாத அடிப்பாகம் விளிம்பில் மட்டும் மண்ணைத் தொடும்; அந்த விளிம்பு வழுக்கினால் பிடிக்க வேறொன்றும் இல்லை.

என் அம்மா முப்பது வருசம் கொழுந்து பறித்தவர், பெரும்பாலும் வெறுங்காலோடு. நிரை மாறும்போது அவர் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெருவிரல் மற்ற நான்கையும் விட்டு விலகி மண்ணில் ஊன்றும். குதி கடைசியாகத்தான் இறங்கும். அரைக்கணம் அப்படியே நின்றுவிட்டுத்தான் கூடையின் பாரத்தை அந்தக் காலுக்கு மாற்றுவார். "காலு மொதல்ல மண்ணத் தொட்டுப் பாக்கணும் புள்ள, அப்பறந்தான் ஒடம்பு போகணும்" என்பார். மண்ணைத் தொட்டுப் பார்க்க விடாத சப்பாத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

2. அதற்காக அப்பளம் மாதிரி மெல்லிய அடிப்பாகமும் ஆகாது. கவ்வாத்து வெட்டிய மலையில் ஒருமுறை நடந்தவர்களுக்கு இது தெரியும். வெட்டுப்பட்ட தேயிலைக் குச்சிகள் ஈட்டி மாதிரி நிற்கும். கீழே விழுந்த மிலாறு இலைக்குள் மறைந்து கிடக்கும். கடையில் சப்பாத்துக்குள் ஒரு கையை விட்டு, வெளியே இருந்து மறு கையின் கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்துங்கள். அழுத்தம் மட்டும் தெரிந்தால் போதுமான தடிப்பு இருக்கிறது. விரலின் உருவமே உள்ளே தெரிந்தால் குச்சியும் உள்ளே வரும்.

3. அடியைத் திருப்பிப் பாருங்கள். மேலே இருக்கும் நிறத்தையும் கோட்டையும் பார்ப்பதில் செலவழிக்கிற நேரத்தில் பாதியையாவது அடிப்பாகத்துக்குக் கொடுங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அடியில் துருத்தி நிற்கும் கட்டைகள் நான்கைந்து மில்லிமீற்றர் ஆழம் இருக்கட்டும். அவை நெருக்கமாக இல்லாமல் இடைவெளி விட்டு இருக்கட்டும். நம் ஊர்ச் செம்மண் களி நெருக்கமான கட்டைகளுக்குள் அப்பிக்கொண்டால் இரண்டு எட்டு வைப்பதற்குள் அடிப்பாகம் வழவழ என்று ஆகிவிடும். குதிப்பக்கத்துக் கட்டைகளின் விளிம்பு முன்னோக்கி நிற்கட்டும், இறக்கத்தில் தடை போடுவது அதுதான்.

பிறகு நகத்தால் அழுத்துங்கள். நல்ல றப்பர் சற்று அமுங்கி மீண்டு வரும். பளபளவென்று, நகம் சறுக்குகிற மாதிரி இருந்தால் அது ஈரமான சீமெந்திலும் அப்படியே சறுக்கும். மிக இலேசான ஸ்பொஞ்சு அடிப்பாகம் நடக்கச் சுகம். ஆனால் தரையைத் தொடுகிற பக்கத்தில் றப்பர் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். வெறும் ஸ்பொஞ்சு என்றால் பாசிப் படியில் நம்ப வேண்டாம். துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் போகும் பாதையில் சாரல் பட்ட கல்லில் காலை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் ஒரே எட்டில் புரியும்.

4. எந்த மாதத்தில் வாங்குவது? ஊவாவின் காலநிலை மற்ற மலைநாட்டைப் போல இல்லை. நுவரெலியாவின் மேற்குப் பக்கம் தென்மேல் பருவக்காற்றில் நனைந்துகொண்டிருக்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, இங்கே கச்சான் காற்று மலையைக் காயவைக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்தக் காற்றுத்தான். அப்போது பாதையில் காய்ந்த தூளும் சிறு கல்லும் உருளும். ஒக்டோபரில் மழை பிடித்தால் ஜனவரி வரைக்கும் சேறு. தேய்ந்த சப்பாத்தைக் கச்சான் காலத்தில் ஓட்டிவிட்டு, செப்டெம்பர் கடைசியில் புதியதை வாங்குங்கள். மழை தொடங்கும் முன் இரண்டு வாரம் காய்ந்த பாதையில் போட்டு நடந்தால் காலுக்குப் பழகிவிடும்.

5. அளவு. நடந்து வேலை செய்தவர்களின் கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். அதனால் பின்னேரம் கடைக்குப் போங்கள், காலுக்கு வழக்கமாகப் போடும் மேஸையும் கொண்டுபோங்கள். சப்பாத்தைப் போட்டு எழுந்து நின்றால் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். தட்டையான தரையில் நடந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடை வாசலில் ஒரு சரிவோ படியோ இருக்கும். பதுளையில் சரிவில்லாத வாசல் ஏது? அதில் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் இடித்தால் நமுனுகலையில் ஏறி இறங்கும் அன்று நகம் கறுத்துவிடும். 2036 மீற்றர் உயரச் சிகரத்துக்கு ஏறுவது மூச்சுக்குக் கஷ்டம் என்றால், இறங்குவது நகத்துக்குக் கஷ்டம்.

டவுனுக்கு வர முடியாத அம்மாவுக்கோ பாட்டிக்கோ வாங்கும்போது பழைய செருப்பின் நம்பரை நம்ப வேண்டாம். பின்னேரம் அவரைப் பேப்பரின் மேல் நிற்கவைத்துப் பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு காலையும் வரைந்து, வெட்டிக் கொண்டுபோங்கள். உட்காரவைத்து வரையக் கூடாது. உடம்பின் பாரம் இறங்கினால்தான் கால் எவ்வளவு அகலம் என்று தெரியும். வெறுங்காலோடு வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். வெட்டிய பேப்பரைச் சப்பாத்தின் அடியில் வைத்துப் பார்க்கும்போது பேப்பர் இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தால், நீளம் சரியாக இருந்தாலும் அந்தச் சோடி வேண்டாம்.

6. லேஸ் கட்டுவதில் பாதி விஷயம் இருக்கிறது. ஏறும்போது மேல் பக்கம் சற்றுத் தளர்வாக இருந்தால் கணுக்கால் எளிதாக மடியும். இறங்கும் முன் ஒரு நிமிடம் நின்று, குதியைப் பின்னால் தட்டி, லேஸை இறுக்குங்கள். மேலே கடைசியாக ஒரு துளை பெரும்பாலும் சும்மா இருக்கும். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டுச் சிறு வளையம் செய்யுங்கள். இரு பக்கமும் அப்படிச் செய்தபின், ஒரு பக்கத்து லேஸை மறுபக்கத்து வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். குதி உள்ளே தூக்காது, கால் முன்னால் போகாது.

7. அலுமாரியில் வைத்த சப்பாத்து. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தடித்த அடி, கணுக்கால் வரை தோல், கையில் எடுத்தாலே கனம். அப்படி ஒரு சோடி மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, கெட்டுப்போகக் கூடாதென்று இரண்டு வருசம் பெட்டியோடு வைத்திருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினேன். கால் மைல்கூடப் போகவில்லை. அடிப்பாகம் ரஸ்க் மாதிரிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மிச்சமிருந்த வழவழப்பான தகட்டோடு பாசிப் படியில் வைத்த கால் சறுக்கி, முழங்கால் தோலுரிந்து, கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

பொலியூரிதேன் என்ற பொருளில் செய்த அடிப்பாகம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதையும். போடாமல் வைத்திருந்தால் காலம் கூடும் என்பது அதற்குப் பொருந்தாது. வருசக்கணக்கில் கடை ராக்கையில் கிடந்ததை மலிவு என்று வாங்கும் முன் பெட்டியிலோ நாக்குப் பட்டையின் உள்ளேயோ தயாரித்த திகதி இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பாகத்தின் பக்கத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். தூள் வந்தாலோ பிசுபிசுத்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் இருப்பதையும் மாதம் ஒருமுறையாவது போட்டு நடங்கள்.

8. கனத்தைப் பற்றி ஒரே வரி: காலில் ஏறும் பாரம் முதுகில் ஏறும் பாரத்தைவிடப் பல மடங்கு களைப்பு.

9. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு. சுவிஸில் இருக்கும் அக்கா மகன் போன குளிர்காலத்தில் கேட்டான்: "சின்னம்மா, இஸ்கூல்ல பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, எந்தப் பலகை எடுக்கிறது?" அவனுடைய ஆசிரியரிடமும் கடையிலும் கேட்டு அனுப்பச் சொல்லி, பிறகு நானும் படித்துப் பார்த்தேன். நம் சப்பாத்துக் கணக்கேதான் அங்கேயும். ஸ்கீ பலகையில் விறைப்பானது வேகமாகப் போகிற தேர்ந்தவர்களுக்கு. மிருதுவாக வளைவது சொன்னபடி திரும்பும், சிறு பிழையை மன்னிக்கும், மேடுபள்ளத்திலும் கரைந்த பனியிலும் காலை உதறாது. காலையில் உறைந்து கண்ணாடி மாதிரி, மத்தியானம் சேறு மாதிரி, மரங்களுக்கிடையில் தூள் மாதிரி என்று பனி ஒரே நாளில் நிறம் மாறும். அதற்கென்று ஆல் மவுண்டன் என்ற வகை இருக்கிறது, நடு அகலம் ஏறக்குறைய 85 முதல் 100 மில்லிமீற்றர். அதிலேயே முன்னும் பின்னும் இரண்டு நுனியும் மேலே வளைந்திருப்பதை ட்வின் டிப் என்கிறார்கள். பின்பக்கமாகவும் சறுக்கலாம், துள்ளித் திரும்பலாம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது.

பழகுகிறவர் நிமிர்த்திய பலகை நாடிக்கும் மூக்குக்கும் இடையில் நிற்கிற நீளத்தில் எடுக்கட்டும். பழகியவர் நெற்றி வரை போகலாம். ட்வின் டிப்பில் வளைந்த நுனிகள் பனியைத் தொடாததால் அதே நீளத்தில் பிடி குறையும். பழகியவர்கள் அதனால்தான் சற்று நீளமாக எடுக்கிறார்கள். மிருதுவான பலகைக்கும் ஒரு குறை உண்டு. இறுகிய ஐஸில் வேகம் கூடினால் நுனி படபடக்கும். முதல் வருசம் விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே நல்லது. பணம் போடுவதானால் முதலில் காலுக்குச் சரியான பூட்ஸில் போடுங்கள். பலகையோடு பூட்ஸைப் பிணைக்கிற பூட்டைக் கடைத் தொழில்நுட்பக்காரர் உடம்பின் எடைக்கேற்ப அமைத்துத் தர வேண்டும், வீட்டில் முடுக்கக் கூடாது. விழும்போது அது சரியான நேரத்தில் கழன்றால்தான் முழங்கால் தப்பும். அக்கா மகன் மிருதுவானதை வாடகைக்கு எடுத்தான். இரண்டாம் நாளே விழாமல் இறங்கினேன் என்று படம் அனுப்பினான். சரிவில் குறுக்காக நின்றிருந்தான், மேல் காலை மடித்து, கீழ்க் காலில் பாரம் வைத்து. அவன் பார்த்தேயிராத பாட்டியின் நிற்பு அது.

10. அட்டை. மழைக்காலத்துத் தேயிலையிலும் காட்டோரத்திலும் சப்பாத்து எவ்வளவு நல்லதானாலும் லேஸ் துளை வழியாக ஏறிவிடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டை மேஸைப் போட்டு, அதன் மேல் சப்பாத்தைப் போட வேண்டும். சாதாரண பின்னல் மேஸின் கண்ணுக்குள் அது நுழைந்துவிடும். மேஸின் மேல் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்துவிட்டால் சற்று நேரம் அண்டாது. கடித்த அட்டையை நெருப்பால் சுடுவதும் உப்பை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம், வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கும். நகத்தை மெல்லிய பக்கத்து வாயின் அடியில் தள்ளி வழித்துவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். சோப்புத் தண்ணீரால் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

11. "நாங்க வெறுங்காலோடயே வாழ்ந்துட்டோம்" என்கிற பெரியவர்களுக்கு. வெறுங்கால் மண்ணை அறியும், உண்மை. ஆனால் மண்ணிலிருந்து கொக்கிப்புழுவும் அந்தக் காலின் வழியாகத்தான் உடம்புக்குள் போனது. 1910களின் நடுவில் றொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியதே அந்த நோய் நம் சனத்தின் இரத்தத்தை எவ்வளவு குடித்திருந்தது என்பதற்குச் சாட்சி. இன்று எலிக்காய்ச்சலும் இருக்கிறது. காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றுத் தண்ணீரில் நிற்பது ஆபத்து. றப்பர் செருப்பு வீட்டு வாசலுக்கும் பீலியடிக்கும் போதும். சரிவில் அது காலைவிட்டுக் கழன்று முன்னால் ஓடும். மருந்தடிப்பவர்களுக்குக் கம்பூட்ஸ் கட்டாயம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு செங்குத்தில் ஏறி இறங்கி நாள் முழுவதும் நடப்பது கணுக்காலுக்குத் தண்டனை. வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

12. பள்ளிப் பிள்ளைகள். வளருகிற கால்தானே என்று இரண்டு நம்பர் பெரிதாக வாங்கி நுனியில் பேப்பர் திணிப்பதை நிறுத்துங்கள். குதி தூக்கினால் படியில் தடுக்கும். ஒரு நம்பர் கூட இருந்தால் போதும், உள்ளே ஒரு மெத்தைத் தகடு வையுங்கள். கால் வளர்ந்ததும் எடுத்துவிடலாம். அரசாங்கச் சப்பாத்து வவுச்சர் கிடைக்கிற வீடுகளில், வெள்ளையாக இருக்கிறதா என்பதோடு அடிப்பாகம் மடிகிறதா, கட்டை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் மூன்று மைல் நடக்கிற பிள்ளைக்குச் சப்பாத்தைப் பொலித்தீன் பையில் கொண்டுபோகச் சொல்லி, பழைய சோடியில் பாதையைக் கடக்கவைப்பது பல லயங்களில் நடக்கிறது. நல்ல பழக்கம். ஒரு துண்டுத் துணியும் பையில் இருக்கட்டும், கால் துடைக்க.

13. ரயில் ரோட்டில் நடக்கிறவர்களுக்கு. தெமோதரையிலிருந்து எல்லப் பக்கம், ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க என்று எத்தனையோ பேர் சிலிப்பர் கட்டை மேலேயே நடக்கிறார்கள். நனைந்த கட்டையில் எண்ணெயும் பாசியும் சேர்ந்து எந்த அடிப்பாகத்தையும் தோற்கடிக்கும். வேறு பாதை இருந்தால் அதில் போங்கள். வளைவில் ரயில் சத்தம் கேட்கும்போது ஓடுவதற்கு இடம் இருக்காது.

14. காயவைப்பது. நனைந்த சப்பாத்தை அடுப்பு மேட்டில் வைத்தால் பசை விட்டுப் பிரியும், தோல் வெடிக்கும். சேற்றை ஈரமாக இருக்கும்போதே பழைய பிரஷால் தட்டிவிடுங்கள். உள்தகட்டை வெளியே எடுத்து, பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். ஒரு மணித்தியாலத்தில் தாள் நனைந்துவிடும், மாற்றுங்கள். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. காலையில் போடலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். அடிப்பாகம் வாய் பிளக்கத் தொடங்கிய அன்றே டவுனில் சப்பாத்து தைக்கிறவரிடம் கொடுங்கள். பசை மட்டும் போடாமல் சுற்றிவரத் தைத்துத் தரச் சொல்லுங்கள். தையல்தான் மழைக்கு நிற்கும்.

15. மழை விடாமல் பெய்கிற இரவுகளில் வீட்டில் உள்ள எல்லோருடைய சப்பாத்தும் இஸ்தோப்பில் இருக்க வேண்டாம். கதவுக்கு உள்பக்கம், நுனி வெளியே பார்த்தபடி, லேஸ் தளர்த்தி, பக்கத்தில் ஒரு டோர்ச் லைட். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு. வானொலியில் அறிவித்தாலோ, சுவரில் புது வெடிப்புக் கண்டாலோ, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, நின்றாலோ, சாமான் எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் முதலில் சப்பாத்தை மாட்டிவிடுங்கள். இருட்டில், சேற்றில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டிய படிகள் எத்தனை என்று மழை இல்லாத ஒரு பகலிலேயே நடந்து எண்ணி வையுங்கள்.